ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லையா?

கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் மட்டும் கருப்பாகவே இருக்கிறது என்றால் உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பழைய டெஸ்க்டாப்களில் பல நேரம் ராம் (RAM) என்கிற, மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான மெமரி பட்டைதான் வில்லன்.

முதலில் மானிட்டர் கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். அப்புறம் பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டு, கிளிப்பை விலக்கி ராமை வெளியே எடுங்கள். அடியில் பொன்னிறக் கோடுகள் மங்கியிருந்தால் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு (ஊதாதீர்கள், எச்சில் படும்), 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு, ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். கெட்டது எதுவென்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்படியும் வரவில்லையா? சிமாஸ் பேட்டரியை (தேதியையும் செட்டிங்கையும் நினைவில் வைக்க மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரி) கழற்றி 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். தேதி அடிக்கடி பின்னால் போகிறதென்றால் புதிதே போட்டுவிடலாம், சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

ராம் வாங்க வேண்டிவந்தால் பழையதைக் கையோடு எடுத்துப்போங்கள். ராமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகைகள் உண்டு, டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. பழைய ராம் வாங்கலாம், தப்பில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள், அதைத் திறக்கவும் வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும்.