வசனத்தை எடுத்துக்கொண்டு எரேமியாவை விட்டுவிடுகிறோம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும்போது எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் சித்தி எடுத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. தேவன் நம்மேல் வைத்திருக்கிற நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். சித்தி அதை பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தார். அந்த ஆகஸ்டில் சித்தப்பா இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு சித்தி என்னிடம் கேட்டார்: "இது கர்த்தர் எனக்குன்னு குடுத்த வசனந்தானப்பா? அப்புறம் ஏன்?" ஞாயிறு பள்ளியில் எரேமியாவைப் பற்றிப் பாடம் எடுத்தவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விதான் என்னை எரேமியாவின் 52 அதிகாரங்களையும் பொறுமையாகப் படிக்க வைத்தது. படிக்கப் படிக்க, இந்தத் தீர்க்கதரிசியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வதில் எவ்வளவு தவறு செய்கிறோம் என்று புரிந்தது. நானும் செய்த தவறுகள்தான் இவை.

11ஆம் வசனத்தைப் படித்து 10ஆம் வசனத்தை விடுவது

29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ராஜா எகொனியாவையும் அவன் தாயையும் பிரபுக்களையும் தச்சர், கொல்லர்களையும் சிறைபிடித்துக்கொண்டு போனான். வீடு வாசலை இழந்து அந்நிய தேசத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஜனங்களுக்கு எரேமியா எழுதியது அது. அதில் என்ன இருக்கிறது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். அதன் பிறகு 10ஆம் வசனம்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன்.

எழுபது வருஷம். அந்தக் கடிதத்தை முப்பது வயதில் வாசித்தவர் திரும்பி வரப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் வரலாம். இதைச் சொன்ன பிறகுதான் "தீமைக்கல்ல" என்ற வார்த்தை வருகிறது. நாம் 10ஐ விட்டுவிட்டு 11ஐ மட்டும் அட்டையில் அச்சடிக்கிறோம். "நீங்கள்" என்று ஒரு ஜனத்தைப் பார்த்துச் சொன்னதை "நீ" என்று படித்து, அதையும் இந்த வருடக் காலண்டருக்குள் அடக்கிவிடுகிறோம்.

முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால் இன்னும் தெளிவாகும். எகொனியாவுக்குப் பின் எருசலேமில் ஆண்ட சிதேக்கியா ராஜாவின் நாலாம் வருஷத்தில் எரேமியா கழுத்தில் மரநுகத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்: பாபிலோனுக்கு அடங்கித்தான் இருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக. அப்போது அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், எல்லார் முன்னிலையிலும், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கர்த்தருடைய பெயரால் சொல்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போடுகிறான். கூட்டத்துக்கு யார் பேச்சு இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் அதிகம் யோசித்த இடம் இது. இரண்டு வருஷம் என்று கேட்டதும் எரேமியா சொன்ன முதல் வார்த்தை "ஆமென்". கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். தன் ஜனம் சீக்கிரம் திரும்பி வர வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. ஆசையைத் தேவனுடைய வார்த்தை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நுகம் உடைக்கப்பட்ட பிறகு சண்டை போடாமல் தன் வழியே போய்விட்டார். கர்த்தரிடமிருந்து பதில் வந்த பிறகுதான் திரும்பி வந்து பேசினார்.

அப்படியானால் 29:11 நமக்கு இல்லையா? நமக்கும்தான். சிறையிருப்பிலிருந்தவர்களைக் குறித்து 31ஆம் அதிகாரத்தில் சொல்லப்பட்ட "புது உடன்படிக்கை"யைத்தான் கடைசி இராப்போஜனத்தில் இயேசு பாத்திரத்தைக் கையில் எடுத்துத் தம்முடைய இரத்தத்தினாலாகியது என்றார். அந்த வழியாக வருகிறவர்களுக்கு இந்த வாக்குத்தத்தமும் சேர்ந்தே வருகிறது. ஆனால் மறுநாள் அவர் போனது சிலுவைக்கு. இந்த வருடம் வீட்டில் சாவு வராது என்று அந்த வசனம் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. சித்தியிடம் இதை முன்னமே யாராவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லியிருக்க வேண்டும்.

அழுகிறவர்களைப் பார்த்து அழாதே என்பது

சாவு வீட்டில் சித்தியிடம் ஒருவர், "அழக் கூடாதும்மா, நாலு பேர் பார்க்கிறாங்க, சாட்சியா இருக்கணும்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு சித்தி எங்கள் முன்னால் அழவே இல்லை. ராத்திரியில் பின்கட்டில் உட்கார்ந்து அழுதார்.

எரேமியாவிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அவருடைய ஜெபங்களைப் பாருங்கள். தேவரீர் எனக்கு நம்ப முடியாத, வற்றிப்போகிற தண்ணீரைப்போல் ஆகிவிடுவீரோ என்று 15ஆம் அதிகாரத்தில் நேரடியாகவே கேட்கிறார். 20ஆம் அதிகாரத்தில், ஆலய விசாரணைக்காரனான பஸ்கூர் அவரை அடித்துத் தொழுமரத்தில் மாட்டி ஒரு ராத்திரி முழுவதும் வைத்த பிறகு, இனிக் கர்த்தருடைய நாமத்தில் பேசவே மாட்டேன் என்று இருந்து பார்த்ததாகச் சொல்கிறார். முடியவில்லை. அந்த வார்த்தை எலும்புகளில் அடைபட்ட அக்கினிபோல் எரிந்தது. அதே அதிகாரத்தின் 13ஆம் வசனத்தில் கர்த்தரைத் துதியுங்கள் என்று பாடுகிறார். 14இல், நான் பிறந்த நாள் சபிக்கப்படுவதாக என்கிறார். இடையில் ஒரு வரிகூட இல்லை. ஒரே மனுஷன், ஒரே ஜெபம். இந்த இரண்டையும் பிரித்து, துதியை விசுவாசம் என்றும் புலம்பலைப் பின்மாற்றம் என்றும் நாம் பெயர் வைக்கிறோம். தேவன் 15ஆம் அதிகாரத்தில் அவரைக் கடிந்துகொண்டது உண்மைதான், ஆனால் ஊழியத்திலிருந்து தள்ளிவிடவில்லை.

சபைப் பாரம்பரியம் எரேமியாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் புலம்பல் புத்தகத்தின் அமைப்பும் கவனிக்க வேண்டியது. எபிரெய எழுத்துகள் 22. முதல் நான்கு அதிகாரங்களும் அந்த எழுத்து வரிசையில் அமைந்தவை. நாம் அகரவரிசையில் ஒப்பாரி வைப்பதுபோல, துக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அவசரமில்லாமல் அழுது தீர்க்கிறார்கள். "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை" என்று நாம் பாடுகிற வசனம் மூன்றாம் அதிகாரத்தில், அந்த அழுகையின் நடுவில் இருக்கிறது. அதற்குப் பிறகும் புத்தகம் அழுகிறது.

கூட்டத்தை வைத்து ஊழியத்தை அளப்பது

யோசியா ராஜாவின் 13ஆம் வருஷம், கி.மு. 627 வாக்கில், எரேமியா அழைக்கப்பட்டார். கி.மு. 586 வாக்கில் எருசலேம் எரிந்தது. நாற்பது வருஷம் பேசியும் நகரம் மனந்திரும்பவில்லை. எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தரான பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா குளிர்காலத்துக் கணப்பின் முன் உட்கார்ந்து கேட்டான். மூன்று நான்கு பத்தி வாசிக்க வாசிக்க, கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போட்டான். எரேமியா இன்னொரு சுருளை எடுத்துச் சொல்ல, பாருக்கு மறுபடியும் எல்லாவற்றையும் எழுதினார், கூடுதல் வார்த்தைகளோடு. எத்தனை ஆத்துமாக்கள் என்று அறிக்கை கேட்டால் எரேமியாவிடம் காட்ட, பின்னால் அவரைத் துரவிலிருந்து தூக்கிவிட்ட எபெத்மெலேக், பாருக்கு என்று சில பெயர்களே இருந்திருக்கும்.

ஆலயம் இருக்கிறது, பயமில்லை என்று நினைப்பது

எரேமியா ஆலய வாசலிலேயே நின்று, "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்" என்ற பொய்யை நம்பாதேயுங்கள் என்றார். பரதேசியையும் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு இங்கே வந்து நின்றால் காப்பாற்றப்படுவீர்களோ, முன்பு ஆசரிப்புக் கூடாரம் இருந்து பாழாய்ப்போன சீலோவில், என் ஸ்தலத்துக்கு நான் செய்ததைப் போய்ப் பாருங்கள் என்பது செய்தி. அதற்காக ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும் அவரைக் கொல்லப் பார்த்தார்கள். அறுநூறு வருஷம் கழித்து இயேசு ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தபோது சொன்ன "கள்ளர் குகை" என்ற வார்த்தை இந்தப் பிரசங்கத்திலிருந்து எடுத்ததுதான். புதிய ஆலயப் பிரதிஷ்டைக்குப் பல லட்சம் செலவழிக்கிற நாம், அதே தெருவில் இருக்கிற விதவையின் வீட்டுக்குக் கடைசியாக எப்போது போனோம் என்று கேட்டுக்கொண்டால், இது யூதாவுக்கு மட்டும் சொன்னது என்று தள்ளிவிட முடியாது.

எதிர்ப்பு வந்ததால் நானும் எரேமியா என்பது

இதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிற தவறு. சபைக் கணக்கைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டால், "தீர்க்கதரிசியைத் துன்பப்படுத்துகிறார்கள்" என்று பிரசங்க பீடத்திலிருந்து பதில் வருவதை நான் கேட்டிருக்கிறேன். எதிர்ப்பு அனனியாவுக்கும் வந்தது, எரேமியாவே அவனை எதிர்த்தார். எதிர்ப்பு மட்டும் எதையும் நிரூபிக்காது.

எரேமியாவை அடையாளம் காட்டுவது வேறு. இந்த ஜனத்துக்காக ஜெபம் பண்ணாதே என்று கர்த்தர் அவரிடம் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது (7, 11, 14ஆம் அதிகாரங்கள்). தன்னைப் பகைத்தவர்களுக்காக அவர் அந்த அளவுக்கு மன்றாடிக்கொண்டே இருந்திருக்கிறார். எருசலேம் விழுந்த பிறகு, எகிப்துக்குப் போகக் கிளம்பிய மீதியாயிருந்தவர்கள் வந்து நாங்கள் நடக்க வேண்டிய வழி எது என்று கேட்டபோது, அவர் உடனே பதில் சொல்லவில்லை. பத்து நாள் காத்திருந்தார். ஜனங்கள் பயத்தில் துடித்த அந்தப் பத்து நாளும் தன் சொந்த யோசனையை "கர்த்தர் சொல்லுகிறார்" என்று அவர் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவர் மற்றவர்களின் உதவியால் பிழைத்தவர். மல்கியாவின் துரவில் அவரைக் கயிறு கட்டி இறக்கிவிட்டார்கள். தண்ணீர் இல்லை, உளை மட்டும் இருந்தது, அதில் அமிழ்ந்தார். சொந்த ஜனத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அரமனையில் வேலை செய்த எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன்தான் ராஜாவிடம் போய்ப் பேசினான். அவன் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வரவில்லை. பொக்கிஷ அறைக்குக் கீழே போய்ப் பழைய கந்தைத் துணிகளைத் தேடி எடுத்து, அவற்றையும் இறக்கி, அக்குளில் வைத்துக்கொண்டு அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னான். இழுக்கும்போது தோல் கிழியக் கூடாதே என்ற யோசனை. சாவிலிருந்து ஒருவரைத் தூக்கும் அவசரத்திலும் அவர் அக்குளை நினைத்த மனுஷன் அவன். தன்னைத் தூக்கிவிட யாரும் வேண்டாம் என்கிற தீர்க்கதரிசிக்கு இந்த அதிகாரத்தில் இடமில்லை.

நம்பிக்கை வந்த பிறகு கீழ்ப்படியலாம் என்று காத்திருப்பது

32ஆம் அதிகாரம். சிதேக்கியாவின் பத்தாம் வருஷம், நகரத்தைச் சுற்றிப் பாபிலோன் சேனை. அரணான பட்டணங்களில் லாகீசும் அசேக்காவும்தான் மிச்சம் என்று 34ஆம் அதிகாரம் சொல்கிறது. 1935இல் லாகீசின் இடிபாடுகளில் கிடைத்த எழுத்துப் பொறித்த மண்சில்லுகளில் ஒன்று, லாகீசின் தீ அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசேக்கா தெரியவில்லை என்கிறது. அப்படிப்பட்ட காலம்.

எரேமியா காவலில் இருக்கிறார். சித்தப்பா பெரியப்பா வகையில் சொந்தமான அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு ஐந்து கிலோமீட்டர் தூரம்தான், அந்தப் பக்கமெல்லாம் எதிரிப் படை. எரேமியாவின் சொந்த ஊரும் அதுவே. அவரைக் கொல்ல முன்பு சதி செய்த ஊரும் அதுவே (11:21). அந்த நிலத்துக்கு 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், ஏறக்குறைய 195 கிராம். கையெழுத்து, முத்திரை, சாட்சிகள், முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லிப் பாருக்கிடம் கொடுக்கிறார், நெடுநாள் இருக்கும்படிக்கு.

இதெல்லாம் முடிந்த பிறகு தனியாக ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தில்தான் அவருடைய குழப்பம் தெரிகிறது: நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறதே, தேவரீர் நிலத்தை வாங்கச் சொன்னீரே! முதலில் பணத்தைக் கொடுத்தார், சந்தேகத்தை அப்புறம் கேட்டார். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்.

கடைசியாக வாசிப்பில் வருகிற ஒரு தவறு. இந்தப் புத்தகம் கால வரிசையில் இல்லை. 21ஆம் அதிகாரம் சிதேக்கியாவின் காலம், 25 அதற்கு முந்தின யோயாக்கீமின் காலம், 32 மறுபடியும் சிதேக்கியா, 36 மறுபடியும் யோயாக்கீம். ஒன்றிலிருந்து ஆரம்பித்துப் படிப்பவர்கள் பத்தாம் அதிகாரத்துக்குள் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். 1, 26, 36, பிறகு 28, 29, அப்புறம் 32, 37 முதல் 44 வரை என்று படித்தால் மனுஷன் கண்முன் வந்துவிடுவார். பிறகு மற்ற அதிகாரங்களுக்குப் போகலாம்.

சித்திக்கு நான் இந்த வரிசையில்தான் சாயங்காலங்களில் வாசித்துக் காட்டினேன். 29ஆம் அதிகாரத்தில் எழுபது வருஷம் என்று வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னார், ஒன்றும் பேசவில்லை. 32ஆம் அதிகாரத்தில் பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கிற இடம் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "சித்தப்பாவோட நிலத்துப் பத்திரம் அந்த டிரங்குப் பெட்டியிலதான் இருக்கு. நான் இன்னும் திறக்கலை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாவி பூஜாடிக்குள்ள கிடக்கும், எடு" என்றார்.