எல்லாருக்கும் மூச்சு 18: வார்டில் டாக்டர்களுக்குச் சொல்லித்தரும்போது நாம் செய்யும் தவறுகள்

பொது மருத்துவ வார்டில் ஒரு நாள் காலை, ரவுண்ட்ஸுக்கு முன்னால் சும்மா கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்ற இடத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் 18. இதயம் பலவீனமானவருக்கும் 18, நிமோனியாவுக்கும் 18, பாம்பு கடித்து வந்தவருக்கும் 18. ஒன்றிரண்டு பேருக்கு மாறுதலுக்காக 20.

யாரும் எண்ணவில்லை என்பது ஊரறிந்த ரகசியம். ஹவுஸ் சர்ஜன்களை, அதாவது எம்.பி.பி.எஸ். கடைசிக் கட்டப் பயிற்சி டாக்டர்களை, திட்டலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது: அவர்களில் ஒருவராவது மூச்சு எண்ணுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. கேஸ் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய் இதுதான் என்று நினைக்கிறேன். பயிற்சி டாக்டர் நோயாளியிடம் என்ன செய்தார் என்று பார்ப்பதில்லை; செய்ததாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு அடுத்த பெட்டுக்கு நகர்கிறோம். அதனால் ஆங்கிலத்தில் கடகடவென்று கேஸ் சொல்கிறவர் கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார். மண்ணீரல் வீங்கியிருப்பதைக் கையால் தொட்டுக் கண்டுபிடித்த பையன், சொல்லும்போது வாய் திக்குவதால் பின்வரிசைக்குப் போய்விடுகிறான். 2020-ல் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்த வழியில் சேர்ந்தவர்கள் இப்போது வார்டுக்கே வந்துவிட்டார்கள். காதை மட்டும் வைத்து எடை போட்டால் முதலில் அடிபடுவது இவர்கள்தான்.

மூச்சை எண்ணுவது சின்ன விஷயமல்ல. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த, நோயாளி மோசமாவதை முன்கூட்டிக் காட்டும் நியூஸ் ஸ்கோரில் மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம். 21 முதல் 24 வரை 2 மதிப்பெண், 25-ஓ அதற்கு மேலோ போனால் 3. தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் செப்சிஸை சந்தேகிக்கச் சொல்லும் 2016-ம் வருடத்து அளவுகோலில் கோடு 22-ல் விழுகிறது. 18 என்று கண்ணை மூடி எழுதினால் அந்த எச்சரிக்கை மணி அடிக்கவே அடிக்காது.

இப்போது நான் செய்வது இது. நாடி பார்ப்பதுபோல நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்ள ஹவுஸ் சர்ஜனிடம் சொல்வேன், ஏனென்றால் மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். கண் மட்டும் நெஞ்சின்மேல். ஒரு முழு நிமிஷம், ஹவுஸ் சர்ஜனும் நானும் தனித்தனியாக எண்ணிவிட்டுக் கடைசியில் எண்ணைச் சொல்வோம். முதல் தடவை, சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலோடு வந்த ஒரு பாட்டிக்கு ஷீட்டில் 18 இருந்தது. எனக்கு 28 வந்தது, ஹவுஸ் சர்ஜனுக்கு 27. அந்தப் பெண் பேனாவை எடுத்து 18-ஐ அடித்துவிட்டு, நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே செப்சிஸ் எவ்வளவு தீவிரம் என்று காட்டும் லாக்டேட் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கப் போய்விட்டாள்.

அட்மிஷன் டேயில் ஒரே ஒரு கேஸுக்கு இப்படி ஓரமாக வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வாயை மூடுவதுதான் கஷ்டம்.

ஏனென்றால் நம்முடைய அடுத்த வியாதி, பதிலை முந்திக்கொண்டு சொல்வது. "சார், அறுபது வயசு, ராத்திரியிலிருந்து மூச்சுத் திணறல்..." என்று பி.ஜி. (முதுநிலை படிக்கும் டாக்டர்) ஆரம்பித்ததுமே, இதயம்தான் காரணம் என்று முடிவுகட்டி, "லேசிக்ஸ் போடு, எக்கோ எடு" என்று முடித்துவிடுகிறோம். நோயாளிக்கு நல்லதுதான். ஆனால் யோசித்தது நாம், அவர் எடுபிடி. 1992-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் இதற்கென்றே சுருக்கமான ஒரு முறையை எழுதினார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று முதலில் கேள். எதை வைத்துச் சொல்கிறாய் என்று அடுத்துக் கேள். அதன்பிறகு ஒரே ஒரு பொது விதியைச் சொல், சரியாகச் செய்ததைப் பேர் சொல்லிக் குறிப்பிடு, தப்பைத் திருத்து. ஓ.பி. நெரிசலில் ஐந்தும் நடக்காது. முதல் இரண்டு கேள்விகள் மட்டும் நடந்தாலே, இவருக்குத் தெரியாதது எது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. நான் பி.ஜி.யாக இருந்தபோது ஒரு காலை ரவுண்ட்ஸில் பதினைந்து பேருக்கு நடுவில், "உன்னை யாரு டாக்டர்னு சொன்னது?" என்று கேட்கப்பட்டேன். கேள்வி மறந்துவிட்டது, அந்த வாக்கியம் மறக்கவில்லை. அதே வாரம் இரவு இரண்டு மணிக்கு ஒரு சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் 6.8 வந்தது, இதயத்துக்கே ஆபத்தான அளவு. யூனிட் சீஃபைக் கூப்பிட்டால் என்ன கேட்பாரோ என்று பயந்து, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் ஓட்டினேன். கடைசியில் டூட்டி நர்ஸ்தான், "சார், இ.சி.ஜி. மாறுது, கூப்பிடுங்க" என்றார். நோயாளி பிழைத்துக்கொண்டார். அதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை.

"டவுட்னா எப்ப வேணா கூப்பிடு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால் இது தீராது, யாரும் கூப்பிட மாட்டார்கள். எண்ணாகச் சொல்லிவிட வேண்டும்: மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே, பொட்டாசியம் 6-க்கு மேல், நினைவில் மாற்றம், புதிதாக ஆக்ஸிஜன் தேவைப்பட்டால், அல்லது நர்ஸ் கவலைப்பட்டால் கூப்பிட்டே ஆக வேண்டும். கட்டாயம் என்றால் கூச்சம் போய்விடும்.

டூட்டி மாற்றிக் கொடுப்பதை யாருமே சொல்லித்தருவதில்லை. "பெட் 14 ஸ்டேபிள், பெட் 15 பெண்டிங் லேப்" என்று லிஃப்ட் வாசலில் முடிந்துவிடுகிறது. 2014-ல் அமெரிக்கா, கனடாவின் 9 மருத்துவமனைகளில், குழந்தைகள் வார்டு ரெசிடென்ட்களுக்கு (நம் பி.ஜி.க்கள் போன்றவர்கள்) இதை முறையாகக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. ஐபாஸ் என்று அதற்குப் பெயர். நோயாளி எவ்வளவு மோசம், கதைச் சுருக்கம், செய்ய வேண்டிய வேலைகள், இப்படி ஆனால் என்ன செய்வது, கடைசியாக, வாங்கிக்கொள்பவர் திருப்பிச் சொல்வது. இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப்போகிறார்கள். திருப்பிச் சொல்லச் சொல்லும்போதுதான் "எந்த பெட்டுன்னு சொன்னீங்க?" என்ற கேள்வியே வருகிறது.

ஊசி வேலைகளில் ஒன்றே ஒன்று. ஒரு தடவை பார், அடுத்த தடவை செய் என்பது இன்னும் பல இடங்களில் வழக்கம். நுரையீரல் உறையில் நீர் எடுக்கும் முன், எந்தப் பக்கம் என்று எக்ஸ்ரேயை மட்டும் பார்க்காமல் மறுபடி தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஸ்கேனில் குறியிடச் சொல்லுங்கள்.

படுக்கையைச் சுற்றி நின்றுகொண்டு ஆங்கிலத்தில் பேசினால் நோயாளிக்குப் புரியாது என்று நினைப்பது இன்னொரு பழைய நம்பிக்கை. "மாலிக்னன்சி" இன்று எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. நாம் பத்து பேர் நகர்ந்ததும் அவர் பிடித்து நிறுத்துவது கடைசியாகப் போகும் ஹவுஸ் சர்ஜனைத்தான்: "தம்பி, எனக்குக் கேன்சரா?" அந்தப் பிள்ளைக்கு அதற்குப் பதில் சொல்ல யாரும் பழக்கவில்லை. பயாப்சி வராமல் எதுவும் சொல்ல முடியாது ஐயா, வந்ததும் பெரிய டாக்டரே உட்கார்ந்து பேசுவார் என்று சொல்லவும், அப்படியே நடக்கவும், நாம்தான் வழிசெய்ய வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகள் பி.ஜி.க்களுக்கு "நியாயமான" வேலை நேரம், "நியாயமான" ஓய்வு என்கின்றன. எத்தனை மணி நேரம் என்று அந்த வரியில் எண் இல்லை. நான் செய்ய முடிந்தது ஒன்றுதான்: இரவு டூட்டி முடித்தவரிடம் அன்று காலை பாடம் கேட்பதில்லை.

கடைசியாக, செய்த வேலைகளைப் பதிந்து கையெழுத்து வாங்கும் லாக் புக். போஸ்டிங் முடியும் நாளில் முப்பது கையெழுத்துக்காக நீட்டுவார்கள், நாமும் நின்றபடியே போடுவோம். எதைச் சரியாகச் செய்தார், எதில் கை நடுங்கியது என்று அதற்குள் இருவருக்குமே மறந்திருக்கும். அன்றன்று, நான் கண்ணால் பார்த்த வேலைக்கு மட்டும்தான் கையெழுத்து என்று ஒரு வருடமாக வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் லாக் புக்குகள் பாதியாகக் குறைந்துவிட்டன. மிச்சத்துக்குப் பக்கத்து யூனிட்டில் வாங்கிக்கொள்கிறார்கள்.