விளம்பர மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போகாதிருக்க டிமார்க் கொள்கையை அமைக்கும் முறை

ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் ஏறத்தாழ 5000 மின்னஞ்சல்களோ அதற்கு மேலோ அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்று சரிபார்ப்பு முறைகளையும் தங்கள் டொமைனுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயருக்கு) அமைத்திருக்க வேண்டும் என்ற விதியைக் கூகுள் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. யாஹூவும் அதே சமயத்தில் ஏறக்குறைய அதே நிபந்தனைகளை விதித்தது. மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதம் முதல் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு இதே வழியைப் பின்பற்றி, பெருமளவில் அனுப்பப்படும் அஞ்சல்களில் விதிக்கு உட்படாதவற்றை 550 5.7.515 என்ற பிழை எண்ணுடன் திருப்பி அனுப்பத் தொடங்கியது. தீபாவளித் தள்ளுபடிக்காக ஒரே ஒரு நாள் இந்த எண்ணிக்கையைத் தொட்டாலும், கூகுளின் கணக்கில் நீங்கள் நிரந்தரமாகப் பெருமளவில் அஞ்சல் அனுப்புபவர்தான்.

மூன்றும் என்ன செய்கின்றன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எந்தெந்த சர்வர்கள் ஒரு டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல்தான் எஸ்பிஎஃப். அனுப்பும் சர்வர் அஞ்சலில் கையொப்பமிட, பெறும் சர்வர் டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்குரிய பதிவுகளை யாரும் பார்க்கும்படி வைத்திருக்கும் இணைய அடைவில்) உள்ள பொதுச் சாவியைக் கொண்டு அதைச் சரிபார்ப்பது டிகிம். ஆனால் எஸ்பிஎஃப் சரிபார்ப்பது, வாசகர் பார்க்கும் அனுப்புநர் முகவரியை அன்று. வழங்க முடியாத அஞ்சல் திரும்பிவர வேண்டிய ரிட்டர்ன் பாத் முகவரியைத்தான். டிகிம் கையொப்பமும் எந்த டொமைனின் பெயரில் வேண்டுமானாலும் இருக்கலாம். இவ்விரண்டில் ஒன்றாவது தேறியிருக்க வேண்டும், தேறிய டொமைன் வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் டொமைனோடு பொருந்தவும் வேண்டும் என்று கேட்பது டிமார்க். விளம்பர அஞ்சல்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்தப் பொருத்தத்தில்தான்.

ஒரு புத்தகக் கடை தன் செய்திமடலை ஒரு மின்னஞ்சல் சேவையின் வழியாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஜிமெயிலில் கணினியில் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மேலே ஒரு சிறிய அட்டவணை தெரியும். எஸ்பிஎஃப் 'பாஸ்', டிகிம் 'பாஸ்', ஆனால் டிமார்க் மட்டும் 'ஃபெயில்' என்று அதில் இருந்தால் குழம்ப வேண்டியதில்லை. டிகிம் வரிசையில் எழுதியிருக்கும் டொமைனைப் பாருங்கள். அங்கே கடையின் பெயர் இருக்காது, சேவை நிறுவனத்தின் பெயர் இருக்கும். இரண்டு சோதனைகளிலும் தேறியது அந்த நிறுவனமே தவிரக் கடை அன்று.

ஆகவே எந்தப் பதிவையும் தொடுவதற்கு முன், உங்கள் டொமைன் பெயரில் யாரெல்லாம் அஞ்சல் அனுப்புகிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். செய்திமடல் சேவை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பில் அனுப்பும் மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம், வேலைவாய்ப்பு விண்ணப்பங்களுக்குப் பதில் அனுப்பும் கருவி ஆகியவை விடுபட்டுப் போகும்.

அடுத்து டிகிம். சேவையின் அமைப்புகளில் டொமைனை அங்கீகரிக்கும் பகுதிக்குச் சென்றால், டிஎன்எஸ்ஸில் சேர்க்க வேண்டிய சிநேம் (வேறொரு பெயரைச் சுட்டும் பதிவு) அல்லது டிஎக்ஸ்டி (உரைப் பதிவு) வகைப் பதிவுகளைத் தருவார்கள். 1024 பிட் சாவி ஏற்கப்படுகிறது என்றாலும், வாய்ப்பிருந்தால் 2048 பிட்டைத் தேர்ந்தெடுங்கள். அந்த நீளச் சாவி டிஎக்ஸ்டி பதிவின் ஒரு சரத்திற்குரிய (எழுத்துத் தொடருக்குரிய) 255 எழுத்து வரம்பைத் தாண்டும் என்பதால், சில டிஎன்எஸ் பேனல்களில் அதை இரண்டு சரங்களாகப் பிரித்து இட வேண்டியிருக்கும்.

எஸ்பிஎஃப்பில் மக்கள் தேவைக்கு மேல் உழைக்கிறார்கள் என்பது என் கருத்து. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். அதைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் ஆகக்கூடாது. சேவைக்கு ஒரு 'இன்க்ளூட்' (அந்தச் சேவையின் சர்வர் பட்டியலையும் உங்கள் பதிவில் இணைக்கும் குறிப்பு) என்று சேர்த்துக்கொண்டே போனால், அவற்றின் உள்ளே இருக்கும் இன்க்ளூட்களும் கணக்கில் சேர்ந்து வரம்பு மீறும். மீறினால் பதிவு முழுவதும் பிழையாகக் கருதப்படும். ரிட்டர்ன் பாத் முகவரி சேவை நிறுவனத்தின் டொமைனிலேயே இருக்கும்போது, பெறும் சர்வர் உங்கள் எஸ்பிஎஃப் பதிவைப் பார்ப்பதே இல்லை. அந்த இன்க்ளூட் வீண். அதற்குப் பதிலாக, உங்கள் துணை டொமைன் ஒன்றை ரிட்டர்ன் பாத்தாக அமைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி டிமார்க். பொருந்தாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று பெறும் சர்வருக்குச் சொல்வதே டிமார்க் கொள்கை. எடுத்த எடுப்பில், எதையும் தடுக்கச் சொல்லாத 'நன்' கொள்கையையே வையுங்கள். கூகுள், யாஹூ விதிகளுக்கு அதுவே போதும். அறிக்கைகள் வந்து சேர ஒரு முகவரியைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பெரும்பாலும் நாளுக்கு ஒன்றாக வரும் அந்த எக்ஸ்எம்எல் கோப்புகளில், எந்த ஐபி முகவரியிலிருந்து எத்தனை அஞ்சல்கள் வந்தன, அவற்றில் எவை பொருந்தவில்லை என்ற விவரம் இருக்கும். பட்டியலில் விடுபட்ட பில் மென்பொருள் இங்கே தலைகாட்டும்.

உங்களுடைய எல்லா வழிகளும் பொருந்துகின்றன என்று அறிக்கைகள் காட்டும் வரை 'குவாரன்டைன்' (பொருந்தாததை ஸ்பேமில் போடு), 'ரிஜெக்ட்' (ஏற்காமல் திருப்பு) பக்கம் போக வேண்டாம். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு 'ரிஜெக்ட்' கொள்கையை அறிவித்தபோது, யாஹூ முகவரியை அனுப்புநராக வைத்துச் செய்திமடல் சேவைகள் வழியே அனுப்பிவந்த சிறு வணிகர்களின் அஞ்சல்கள் திரும்பி வந்தன. இலவச முகவரியிலிருந்து விளம்பரம் அனுப்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. சொந்த டொமைனிலும், செய்திமடலுக்கெனத் தனித் துணை டொமைனை ஒதுக்கினால் அதன் கொள்கையைத் தனியே தீர்மானிக்கலாம்.

கொள்கையை இறுக்கினால் இன்பாக்ஸ் தானாகக் கிடைத்துவிடும் என்று சில விற்பனையாளர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 'ரிஜெக்ட்' என்பது உங்கள் பெயரில் பிறர் அனுப்புவதைத் தடுக்கும். நீங்கள் அனுப்புவதை யாரும் விரும்பும்படி செய்யாது. ஸ்பேம் புகார் விகிதத்தை 0.10 சதவீதத்திற்குக் கீழே வைத்திருக்கவும், 0.30 சதவீதத்தை எட்டவிடாதிருக்கவும் கூகுள் கேட்கிறது; அனுப்புநர்களுக்கான கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் தளத்தில் இதைக் கண்காணிக்கலாம். ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் தேவை. விலகியவரை இரண்டு நாட்களுக்குள் நீக்க வேண்டும். அந்த வசதிக்குரிய ஹெடர் வரிகள் (அஞ்சலோடு செல்லும், வாசகர் கண்ணில் படாத வரிகள்) டிகிம் கையொப்பத்திற்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பதால், டிகிம் பழுதானால் விலகும் பொத்தானும் மறைந்துபோகலாம். அது இல்லாதபோது வாசகரின் விரல் ஸ்பேம் பொத்தானைத்தான் தேடும்.

சேவையை மாற்றும்போது, பழைய டிகிம் பதிவை உடனே அழிக்காமல், வழியில் இருக்கும் அஞ்சல்கள் சென்று சேரும் வரை சில நாட்கள் விட்டுவையுங்கள். பிறகு அதையும் பழைய இன்க்ளூடையும் மறவாமல் நீக்குங்கள்.