தேதியையும் நேரத்தையும் புரோகிராமில் குழப்பமில்லாமல் எழுதுவது எப்படி?

03/04/2025. இது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? அமெரிக்காவில் மாதம் முதலில் வரும், வேறு பல நாடுகளில் நாள் முதலில் வரும். பல புரோகிராம்கள் பிழை எதுவும் காட்டாமல் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் 1988-ல் ஐஎஸ்ஓ 8601 என்ற தர வடிவம் வந்தது.

படி 1: தேதி

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2025-04-03. முன்னால் வரும் பூஜ்யத்தை விடாதீர்கள். அது இருந்தால்தான், கோப்புகளைப் பெயர் வரிசையில் அடுக்கினாலே காலவரிசையும் தானாக வரும்.

படி 2: நேரம்

24 மணிக் கணக்கில் 14:05:00 என்று சேருங்கள். தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே 'டி' என்ற ஆங்கில எழுத்து வரும். இணையத்தில் தேதி, நேரம் எழுதுவதற்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 3339 அங்கே இடைவெளி விடவும் இடம் தருகிறது. இங்கே படிக்க எளிதாக இடைவெளியே விடுகிறேன்.

படி 3: நேர வித்தியாசம்

நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். வெறும் 14:05 என்றால் எந்த ஊர் மணி? யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையும் எழுதுங்கள்:

2025-04-03 14:05:00+00:00
2025-04-03 19:35:00+05:30

இரண்டும் ஒரே கணம்தான். ஆனால் வெறும் எழுத்தாக வரிசைப்படுத்தினால் இரண்டாவது பிந்தியதாகத் தெரியும். அதனால் சேமிக்கும்போது எல்லாவற்றையும் யூடிசி-க்கு மாற்றிவிடுங்கள், திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்குங்கள். +00:00 என்பதற்குப் பதில் 'இசட்' என்ற எழுத்து இருந்தாலும் பொருள் அதேதான்.

படி 4: பைத்தானில்

டேட்டைம் மாட்யூலின் நவ் செயல்பாட்டை வெறுமனே அழைத்தால் வித்தியாசம் இல்லாத நேரம்தான் கிடைக்கும். டைம்சோன் யூடிசி-யை உள்ளே கொடுத்து அழையுங்கள். அப்புறம் ஐசோஃபார்மேட் போட்டால் தர வடிவம் தயார். திரும்பப் படிக்க ஃப்ரம்ஐசோஃபார்மேட். 'இசட்'டில் முடியும் நேரத்தை அது ஏற்பது பைத்தான் 3.11 முதல்தான்.

படி 5: வடிவ எழுத்துகள்

வடிவத்தை நீங்களே எழுதினால் மொழிக்கு மொழி எழுத்து மாறும். பைத்தானில் சின்ன 'எம்' மாதம், பெரிய 'எம்' நிமிடம், ஜாவாவில் நேர்மாறு. ஜாவாவில் ஆண்டுக்குச் சின்ன 'ஒய்' போடுங்கள். பெரிய 'ஒய்' வாரக் கணக்கிலான ஆண்டு. ஐஎஸ்ஓ கணக்கில் 2025-ன் முதல் வாரம் 2024 டிசம்பர் 30 அன்றே தொடங்கிவிட்டது. அந்தக் கணக்குப்படி அன்றைய தேதி 2025-12-30 என்று அச்சாகும். வருடக் கடைசியிலும் தொடக்கத்திலும் மட்டும் தலைகாட்டும் பிழை என்பதால் சோதனையில் எளிதில் சிக்காது.

பிறந்தநாள் போன்றவற்றுக்கு நேரமே வேண்டாம், தேதி மட்டும் போதும். ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் கவனம்: 2025-04-03 என்று டேட்டுக்குக் கொடுத்தால் அதை யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும், நியூயார்க்கில் இருப்பவருக்கு ஏப்ரல் 2 என்று காட்டும். அங்கே தேதியை வெறும் எழுத்துச் சரமாகவே வைத்திருங்கள்.