எடின்பரோவா, கிளாஸ்கோவா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடின்பரோ அழகு, ஆனால் வாடகை கடிக்கும். கிளாஸ்கோ மலிவு, ஆனால் மழையும் முரட்டுத்தனமும். ஸ்காட்லாந்துக்கு வேலைக்குப் போகிறவர் யாரிடம் ஆலோசனை கேட்டாலும் பெரும்பாலும் இந்த இரண்டு வரிகள்தான் கிடைக்கின்றன. இதை மட்டும் நம்பிக் குடும்பத்தோடு இடம் மாறுவது சரியல்ல. சாலை வழியாக ஏறத்தாழ 75 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரு நகரங்களும் வேலை, வீடு, போக்குவரத்து என எல்லாவற்றிலும் வெவ்வேறு கணக்குப் போடச் சொல்பவை.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, கையில் இருக்கும் வேலையை மட்டும் வைத்து நகரத்தைத் தேர்ந்தெடுப்பது. திறன்மிகு பணியாளர் விசாவில் போகிறவருக்கு அந்த விசா, அதற்குப் பொறுப்பேற்கும் (ஸ்பான்சர்) நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போய்விட்டால், உள்துறை அமைச்சகம் விசாக் காலத்தைப் பொதுவாக 60 நாட்களாகச் சுருக்கும். அதற்குள், இப்படிப் பொறுப்பேற்க உரிமம் பெற்ற இன்னொரு நிறுவனத்தில் வேலை கிடைத்து, புதிய விண்ணப்பமும் போட்டாக வேண்டும். அதனால் நகரத்தை எடைபோடும்போது கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் இரண்டாவது வேலை எங்கே கிடைக்கும் என்பதுதான். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை ஊர்ப் பெயரோடு பிரிட்டிஷ் அரசே வெளியிடுகிறது. அதில் உங்கள் துறை நிறுவனங்கள் எந்த நகரத்தில் எத்தனை இருக்கின்றன என்று ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு எண்ணிப் பாருங்கள்.

வங்கி, காப்பீடு, முதலீட்டு நிர்வாகம் என்றால் எடின்பரோவுக்கு ஆழம் அதிகம். நாட்வெஸ்ட் குழுமத்தின் தலைமையகம் நகரின் மேற்கு ஓரத்தில் கோகர்பர்னில் இருக்கிறது. ஸ்காட்டிஷ் விடோஸ், பெய்லி கிஃபோர்டு ஆகியவையும் எடின்பரோவைச் சேர்ந்தவை. ஆனால் நிதித்துறையில் மென்பொருள் எழுதுகிறவர் கிளாஸ்கோவைத் தள்ளிவிடக் கூடாது. கிளைடு நதிக்கரையில் பார்க்லேஸ் வங்கியின் பெரிய வளாகம் இருக்கிறது. ஜேபி மார்கன், மார்கன் ஸ்டான்லி இரண்டுக்கும் அங்கே தொழில்நுட்ப மையங்கள் உண்டு. சிறிய செயற்கைக்கோள் தயாரிப்பிலும் கிளாஸ்கோ பெயர் பெற்றது. கோவன், ஸ்காட்ஸ்டவுன் கப்பல் கட்டும் தளங்களைப் பார்த்து ஆசைப்படும் பொறியாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே கட்டப்படுபவை போர்க்கப்பல்கள். பாதுகாப்புத் துறை வேலைகள் பலவற்றுக்கு, ஆளின் பின்னணியை ஆராயும் அனுமதிச் சோதனை உண்டு, புதிதாக நாட்டுக்குள் வந்தவர் அதைத் தாண்டுவது கடினம். துணைவர் சார்பு (டிபென்டன்ட்) விசாவில் வருகிறார் என்றால் அவருக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் தேவையில்லை. அவர் துறையையும் இதே கணக்கில் சேருங்கள். ஒருவர் சம்பளத்துக்கு ஏற்ற நகரம் இருவர் சம்பளத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை.

செவிலியர், மருத்துவர் ஆகியோருக்கு விஷயம் இன்னும் நேரடியானது. ஸ்காட்லாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் நாடு முழுவதற்கும் ஒரே ஊதிய அட்டவணைதான். லண்டனுக்கு இருப்பதுபோல எடின்பரோவுக்கென்று தனிப் படி கிடையாது. எடின்பரோ ராயல் இன்ஃபர்மரியில் வேலை பார்க்கும் செவிலியரும், கிளாஸ்கோவின் குயின் எலிசபெத் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியரும் ஒரே படிநிலையில் இருந்தால் ஒரே சம்பளம்தான் வாங்குவார்கள். வாடகை வித்தியாசம் முழுவதும் கிளாஸ்கோவில் இருப்பவர் கையிலேயே நிற்கும். இவர்களுக்கு வேறு காரணம் ஏதும் இல்லையென்றால் கிளாஸ்கோதான் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்தது சராசரி வாடகையை நம்புவது. ஸ்காட்லாந்து அரசு ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரம் லோத்தியன், கிரேட்டர் கிளாஸ்கோ என்ற பெரிய வட்டாரங்களுக்கானது. அதுவும் பெரும்பாலும் விளம்பரத்தில் கேட்கப்படும் தொகை. எடின்பரோவிலேயே மார்ச்மாண்ட் பேட்டையின் வாடகையும் கோர்ஜி பேட்டையின் வாடகையும் ஒன்றல்ல. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹில்ஹெட்டில் வீடு தேடினால் மலிவு நகரம் என்ற நினைப்பே கலைந்துவிடும். அதே கிளாஸ்கோவில் டென்னிஸ்டவுனும், தெற்காசியக் கடைகள் நிறைந்த பொல்லக்ஷீல்ட்ஸும் வேறு விலையில் இருக்கும். நகரத்தோடு நகரத்தை ஒப்பிடாமல் பேட்டையோடு பேட்டையை ஒப்பிடுங்கள்.

வாடகையோடு சூடேற்றும் செலவையும் கூட்ட மறந்துவிடுகிறார்கள். இரு நகரங்களிலும் பழைய கல் அடுக்குமாடி வீடுகள் அதிகம். உயரமான கூரை, பெரிய சன்னல், பார்க்க அருமையாக இருக்கும். குளிர்காலக் கட்டணம் வரும்போதுதான் தெரியும். எடின்பரோவின் நடுப்பகுதி பாரம்பரியப் பாதுகாப்புக்கு உட்பட்டது. உரிமையாளர் நினைத்தபடி சன்னலை மாற்றிவிட முடியாது. அதனால் ஒற்றைக் கண்ணாடி சன்னல்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. வீட்டின் ஆற்றல் தரச் சான்று ஏ முதல் ஜி வரை விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மான்செஸ்டர் அல்லது பர்மிங்காம் வேலையோடு ஒப்பிடுகிறவர்கள் வரியில் தடுக்கி விழுகிறார்கள். ஸ்காட்லாந்தில் வருமான வரி விகிதங்கள் தனி. 2025-26 நிதியாண்டில் ஆண்டுக்கு 50,000 பவுண்டு சம்பளத்துக்கு இங்கிலாந்தைவிட ஏறத்தாழ 1,500 பவுண்டு கூடுதலாக வரி போகும். ஸ்காட்லாந்தில் 42 சதவீத விகிதம் 43,662 பவுண்டைத் தாண்டியதும் தொடங்குகிறது, இங்கிலாந்தில் 40 சதவீதம் 50,270-க்கு மேல்தான். மறுபக்கம், மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் கிடையாது. 22 வயதுக்குள் இருப்பவர்களுக்கு பஸ் இலவசம். உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியின் ரசீதிலேயே தண்ணீர், கழிவுநீர்க் கட்டணமும் சேர்ந்து வருவதால் இங்கிலாந்து ரசீதோடு அப்படியே ஒப்பிட்டால் தவறான விடைதான் கிடைக்கும். எடின்பரோ, கிளாஸ்கோ இரண்டுக்கும் வருமான வரி ஒன்றே என்பதால் இவற்றுக்கிடையே இந்தக் கணக்கு தேவையில்லை.

கிளாஸ்கோவில் குடியிருந்து எடின்பரோவில் வேலை பார்க்கலாம் என்பது நல்ல யோசனை; பலர் அப்படித்தான் வாழ்கிறார்கள். தவறு, ரயிலின் 50 நிமிடத்தை மட்டும் கணக்கிடுவதில் இருக்கிறது. அது குயின் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து வேவர்லி நிலையம் வரை மட்டும். வீட்டுவாசலிலிருந்து அலுவலக மேசை வரை எண்ணினால் ஒன்றரை மணி நேரத்தைத் தொடுவது சாதாரணம். வாரம் இரண்டு நாள் அலுவலகம் என்றால் தாங்கலாம். ஐந்து நாள் என்றால், குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்ற கேள்வியிலேயே திட்டம் உடைந்துவிடும். 2025 செப்டம்பரில் ஸ்காட்ரெயில் நெரிசல் நேரக் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டது, அதற்கு முந்தைய அறிவுரைகளில் உள்ள டிக்கெட் விலைகளை நம்ப வேண்டாம். இரண்டுக்கும் நடுவே லின்லித்கோ, ஃபால்கர்க், பாத்கேட் போன்ற ஊர்கள் இரு நகரங்களையும் இணைக்கும் ரயில் பாதைகளிலேயே இருக்கின்றன. இருவரும் ஆளுக்கொரு நகரத்தில் வேலை பார்க்கும் தம்பதியர் இந்த ஊர்களைப் பார்க்காமலே விடுவது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஆகஸ்டு மாதத்தில் எடின்பரோவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். 1947-இல் தொடங்கிய கலை விழாவின் காலம் அது. தெருக்கள் நிரம்பி வழியும், தங்கும் விடுதிக் கட்டணம் ஏறிவிடும். செப்டம்பரில் பல்கலைக்கழகம் திறப்பதால் மாணவர்களும் அதே வீடுகளுக்குப் போட்டியிடுவார்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த மாதத்து எடின்பரோ வேறு ஊர்.

கிளாஸ்கோவின் பழைய கெட்ட பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வன்முறையை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கருதி அதைக் குறைக்க 2005-இல் அங்கே போலீஸ் தனிப் பிரிவைத் தொடங்கியது. அதன்பின் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. ஆனால் வறுமை சில பேட்டைகளில் ஆழமாக இருக்கிறது என்பதும் உண்மை. அரசின் பன்முக வறுமைக் குறியீட்டு வரைபடத்தில் அதைச் சிறுசிறு பகுதிகளாகப் பார்க்கலாம். எடின்பரோவிலும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு.

வாடகை ஒப்பந்தத்தில் ஸ்காட்லாந்து சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதை அறியாமல் பணம் இழக்காதீர்கள். 2017 டிசம்பர் முதல் தொடங்கிய தனியார் வாடகை ஒப்பந்தங்களுக்கு முடிவு தேதி கிடையாது. 28 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யலாம். முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது, அதுவும் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் செலுத்தப்பட வேண்டும். முகவர் உங்களிடம் தனிக் கட்டணம் கேட்பது சட்டவிரோதம். வீட்டைப் பார்க்கும் முன் பணம் அனுப்பச் சொன்னால், உரிமையாளர் பதிவேட்டில் அந்த முகவரி இருக்கிறதா என்று தேடுங்கள். முதல் வீடு பிடிக்கவில்லையென்றால் பெரிய இழப்பின்றி நகரத்தையே மாற்றிப் பார்க்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே முதல் ஆண்டிலேயே வீடு வாங்க அவசரப்படாதீர்கள். குறிப்பாக எடின்பரோவில் வீடுகள் மதிப்பீட்டு அறிக்கையில் உள்ள விலைக்கு மேல் போவது வழக்கம். வங்கி மதிப்பீட்டுத் தொகையை வைத்துத்தான் கடன் தரும். மேலே ஏலம் கேட்ட தொகை முழுவதையும் உங்கள் சேமிப்பிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும்.