பிகேஎஸ் சாவிகளைக் கொண்டு கெர்னல் பக்கங்களைப் பூட்டுவது எப்படி

இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஒரு பாயிண்டர் வழிதவறினால் அது எங்கே போய் எழுதும் என்று சொல்ல முடியாது. சிப்பின் முழு அதிகார நிலையான ரிங் 0-இல் ஓடும் ஏதோ ஒரு டிரைவருக்கும், முகவரிகளை நினைவகப் பக்கங்களோடு இணைக்கும் பேஜ் டேபிளுக்கும் நடுவே சுவர் இல்லை. பக்கத்தைப் படிக்க மட்டும் என்று வைத்துவிட்டு, எழுத வேண்டியபோது பேஜ் டேபிளைத் திருத்தித் திறக்கலாம்தான். ஆனால் மறுபடி மூடும் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோர்களிலும் டிஎல்பியை (பேஜ் டேபிள் பதிவுகளைச் சிப் நினைவில் வைக்கும் இடம்) துடைக்க வேண்டும். திறந்திருக்கும் நேரத்தில் மற்றக் கோர்களும் அதில் எழுதலாம். இன்டெல்லின் பிகேஎஸ் (கெர்னல் பக்கங்களுக்கான பாதுகாப்புச் சாவி வசதி) இந்த இரண்டு தொல்லையையும் தீர்க்கிறது. பக்கத்துக்கு ஒரு சாவி எண். அந்த எண்ணுக்கு என்ன அனுமதி என்பது அந்தந்தக் கோரின் ரெஜிஸ்டரில். ரெஜிஸ்டரை மாற்றினால் போதும்.

சொந்தமாகக் கெர்னல் எழுதுவோருக்கும், லினக்ஸ் மரத்தில் தாமே பேட்ச் போட்டுப் பார்ப்போருக்கும் உரிய வேலை இது. பயனர் பக்கங்களுக்கான பிகேயூ 2016-இல் லினக்ஸ் 4.6-லேயே வந்துவிட்டது. பிகேஎஸ்ஸுக்காக 2020 முதல் இன்டெல் பொறியாளர்கள் சுற்றுச் சுற்றாக அனுப்பிய பேட்ச்கள் முதன்மை மரத்தில் சேரவில்லை. எனவே கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியை மாற்றி இதைப் பெற முடியாது.

சிப்பில் இருக்கிறதா?

சிப்பின் வசதிகளைச் சொல்லும் சிபியூஐடி கட்டளையிடம் லீஃப் 7, சப்லீஃப் 0-ஐக் கேளுங்கள். பதில் வரும் ஈசிஎக்ஸ் ரெஜிஸ்டரின் 31-ஆவது பிட் 1 என்றால் பிகேஎஸ் உண்டு. 3-ஆவது பிட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பிகேயூ, பயனர் பக்கங்களை மட்டும் காப்பது. சர்வர் சிப்களில் சஃபையர் ராப்பிட்ஸ் தலைமுறையில் பிகேஎஸ் இருக்கிறது. கையில் அப்படி ஒரு பெட்டி இல்லாவிட்டால் கியூஎமு எமுலேட்டரைக் கேவிஎம் (வன்பொருள் மெய்நிகராக்கம்) இல்லாமல், மென்பொருளே சிப்பாக நடிக்கும் டிசிஜி முறையில், சிபியூ மாடலை 'மேக்ஸ்' என்று கொடுத்து ஓட்டுங்கள். சரிபார்க்க அது போதும். வேகத்தை அங்கே அளந்து பயனில்லை.

எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

16 சாவிகள், சாவிக்கு 2 பிட், மொத்தம் 32 பிட். கீழ்பிட் 1 ஆனால் படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. மேல்பிட் மட்டும் 1 ஆனால் எழுத முடியாது, படிக்கலாம். இந்த மதிப்பு 1761-ஆம் எம்எஸ்ஆரில் (சிப்பின் அமைப்பு ரெஜிஸ்டர்) உட்காரும் (பத்தடிமான எண்). அதன் மேல் 32 பிட்டும் 0 ஆக இருக்க வேண்டும். எழுதும்போது அந்த மேல் 32 பிட்டைத் தரும் ஈடிஎக்ஸைத் துடைக்க மறந்தால் ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்தான்.

சாவி 0 எப்போதும் திறந்தே இருக்கட்டும். கெர்னலின் மற்ற எல்லாப் பக்கங்களும் அதில்தான் இருக்கின்றன. மற்ற 15-உம் முழுப் பூட்டு என்றால் பதினாறடிமானத்தில் மதிப்பு 55555554. சாவி 1-ஐப் படிக்க மட்டும் விட்டால் 55555558. சாவி 1-ஐ முழுக்கத் திறந்தால் 55555550. இந்த மூன்றையும் தாளில் பிட் பிட்டாக எழுதிப் பார்த்துவிட்டால் பின்னால் வரும் பாதித் தவறுகள் வராது.

பேஜ் டேபிள் போன்றவற்றுக்கு எழுத்துத் தடையே போதும். படிப்பதற்கெல்லாம் கதவு திறக்க வேண்டியதில்லை. முழுப் பூட்டு என்கிரிப்ஷன் கீ போன்ற ரகசியங்களுக்கு. அங்கும் இதை மட்டுமே நம்ப வேண்டாம்: பழைய இன்டெல் சிப்களில் பிகேயூவின் படிப்புத் தடையை ஊகச் செயலாக்கத்தின் (சிப் முன்கூட்டியே ஊகித்துக் கட்டளைகளை ஓட்டுவது) வழியே தாண்டலாம் என்று 2018-லேயே காட்டிவிட்டார்கள்.

அமைப்பது

ஒவ்வொரு கோரிலும் முதலில் எம்எஸ்ஆரில் தொடக்க மதிப்பை (இங்கே 55555558) எழுதுங்கள், பிறகு சிஆர்4 கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரின் 24-ஆவது பிட்டை ஏற்றுங்கள். ரீசெட்டுக்குப் பின் எம்எஸ்ஆரில் 0, அதாவது எல்லாம் திறப்பு. அதனால் தூக்கத்திலிருந்து எழும்போதும், அணைத்த கோரை மறுபடி சேர்க்கும்போதும் இதே இரண்டு அடியைத் திரும்பச் செய்தாக வேண்டும். லினக்ஸில், கெர்னல் பயனர் பக்கங்களை ஓட்டுவதையும் தொடுவதையும் தடுக்கும் ஸ்மெப், ஸ்மாப் பிட்களை யாரும் அணைக்காதபடி பிடித்துவைக்கும் முகமூடியில் இந்த 24-ஆவது பிட்டையும் சேர்த்துவிடுங்கள்.

பூட்ட வேண்டிய தரவைத் தனிப் பக்கத்துக்கு மாற்றுங்கள். சாவி 4096 பைட்டுக்கு ஒன்றுதான், ஸ்ட்ரக்சருக்கு ஒன்று இல்லை. பிறகு பேஜ் டேபிளின் கடைசி நிலைப் பதிவில் 59 முதல் 62 வரையிலான பிட்களில் சாவி எண்ணை எழுதி, அந்த முகவரியை எல்லாக் கோர்களின் டிஎல்பியிலிருந்தும் ஒருமுறை நீக்குங்கள். பிகேயூ, பிகேஎஸ் இரண்டும் அணைந்திருக்கும்போது இந்த நான்கு பிட்டையும் சிப் கண்டுகொள்ளாது. உங்கள் கெர்னல் அங்கே சொந்தக் கொடிகளை வைத்திருந்தால், வசதியை ஏற்றிய மறுகணமே அவை சாவி எண்களாகிவிடும்.

இனிமேல்தான் பலரும் கோட்டை விடுவது. சாவி நினைவகத்தின் மேல் இல்லை, மேப்பிங்கின் மேல் இருக்கிறது. லினக்ஸ் போன்ற கெர்னல்களில் முழு நினைவகமும் டைரக்ட் மேப்பில் இன்னொரு முகவரியிலும் தெரியும். கெர்னலின் நினைவக ஒதுக்கீட்டு ஃபங்ஷனான வீமாலாக் மூலம் வாங்கிய பக்கத்துக்கு மட்டும் சாவி போட்டால், முன்வாசலில் பூட்டும் கொல்லைப்புறத்தில் திறந்த கதவுமாக இருக்கும். டைரக்ட் மேப்பில் அந்தப் பகுதி பெரும்பாலும் 2 எம்பி அல்லது 1 ஜிபி பக்கமாக இருக்கும். அதை 4 கேபியாக உடைத்து அங்கும் அதே சாவியைப் போடுங்கள், அல்லது அந்த மேப்பிங்கையே எடுத்துவிடுங்கள்.

கதவு

எழுதும் இடத்தில் மூன்று வேலை: 55555550 எழுதித் திற, தரவை மாற்று, 55555558 எழுதி மூடு. நடுவில் வேறு ஃபங்ஷனைக் கூப்பிடாதீர்கள், ஃபங்ஷன் பாயிண்டர் வழியே நிச்சயமாகக் கூடாது. திறப்பதைத் தனி ஃபங்ஷனாக வைத்தால் தாக்குபவனுக்கு அதுவே கருவி. இன்லைனாக, மதிப்பை மாறிலியாக வையுங்கள். எழுதும் கட்டளை முடிந்த உடனே ஈசிஎக்ஸில் 1761-உம் ஈஏஎக்ஸில் அதே மாறிலியும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் பேனிக் (கெர்னலையே நிறுத்திவிடுவது). நடுவில் குதித்து வந்தவன் அங்கே மாட்டுவான்.

பிகேயூவுக்குத் தனிக் கட்டளை உண்டு. பிகேஎஸ்ஸுக்கு இல்லை, எம்எஸ்ஆர் எழுதும் எந்தக் கட்டளையும் சாவியைத் திறக்கும். ஆகவே கெர்னலின் பொது எம்எஸ்ஆர் எழுதும் ஃபங்ஷன் 1761-ஐ மறுக்க வேண்டும், பயனர் தளத்திலிருந்து எம்எஸ்ஆர் எழுத விடும் டிரைவரும் மறுக்க வேண்டும்.

கதவு திறந்திருக்கும்போது இன்டரப்ட் வந்தால்? சிப் இந்த ரெஜிஸ்டரைத் தானாகச் சேமிப்பதில்லை, ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் எக்ஸ்சேவ் கட்டளையும் தொடாது. இன்டரப்ட் கையாளும் குறியீடு முழுவதும் திறந்த கதவோடு ஓடும். இன்டரப்டை அணைத்துவிட்டுத் திறந்தால் பாதி தீரும். அணைக்க முடியாத இன்டரப்டான என்எம்ஐயும், வன்பொருள் பிழையைச் சொல்லும் மெஷின் செக்கும் அப்போதும் வரும். முறையான வழி, எல்லா எக்செப்ஷன் நுழைவிலும் பழைய மதிப்பை ஸ்டாக்கில் வைத்து, தொடக்க மதிப்பைப் போட்டு, வெளியேறும்போது திருப்புவது. திரெட் மாறும்போதும் இப்படியே. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இந்தத் திட்டத்தின் உழைப்பில் பெரும்பங்கு இங்கேதான் போகும்.

டிஎம்ஏவை (சாதனங்கள் நேரடியாக நினைவகத்தைத் தொடுவது) சாவி தடுக்காது, அதற்கு சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ வேண்டும். கட்டளை எடுப்பதையும் தடுக்காது, பக்கத்தை ஓட்டவிடாத என்எக்ஸ் பிட்டைச் சேர்த்தே போடுங்கள். பேஜ் டேபிள்களையே ஒரு சாவியின் கீழ் கொண்டுவராதவரை, அவற்றில் எழுத முடிந்தவன் சாவி எண்ணையே மாற்றிவிடுவான். அதுவரை இது தவறி எழுதுவதைப் பிடிக்கும் வலை மட்டுமே.

சோதனை

கதவை மூடிவைத்து அந்தப் பக்கத்தில் ஒரு பைட் எழுதுங்கள். பேஜ் ஃபால்ட் வர வேண்டும், பிழைக்குறியீடு 35 ஆக இருக்க வேண்டும்: பக்கம் இருக்கிறது 1, எழுத்து 2, சாவி மீறல் 32. லினக்ஸின் ஊப்ஸ் (கெர்னல் பிழை) செய்தியில் இது பதினாறடிமானத்தில் 23 என்று தெரியும். வெறும் 3 வந்தால் பக்கம் ஏற்கெனவே படிக்க-மட்டும். உங்கள் சாவி சோதிக்கப்படவே இல்லை.

ஃபால்ட்டே வராமல் பைட் எழுதப்பட்டுவிட்டால் முதலில் டிஎல்பி துடைக்கப்பட்டதா பாருங்கள். அடுத்து, பேஜ் டேபிளின் எல்லா நிலைகளிலும் பயனர் பிட் 1 ஆக இருக்கிறதா: இருந்தால் அது பயனர் பக்கம், பிகேஎஸ் அதைப் பார்க்காது. அதுவும் இல்லையென்றால் சிஆர்0-இன் 16-ஆவது பிட் (எழுத்துத் தடையைக் கெர்னலுக்கும் பொருந்தச் செய்வது). படிக்க-மட்டும் பக்கத்தில் எழுதுவதற்காக ஏதாவது பழைய மாட்யூல் அதை அணைத்திருந்தால், சாவியின் எழுத்துத் தடையும் கூடவே செத்துவிடும். முழுப் பூட்டு மட்டும் நிற்கும்.