வரலாற்றுப் பட்டப்படிப்பில் மூலச்சான்றை முதலில் வாசியுங்கள்

வரலாற்றைச் சிறப்புப் பாடமாகத் தெரிவு செய்த மாணவர்கள், விரிவுரைக் குறிப்புகளை மனனம் செய்வதற்கு முன்னர், ஒரு தலைப்புக்கு ஒரு மூலச்சான்றையாவது, அதாவது கல்வெட்டு, ஆவணம் போன்று அந்தக் காலத்திலேயே உருவான ஒரு சான்றையாவது, நேரில் பார்த்துத் தாமே கேள்வி எழுப்பிப் பழக வேண்டும்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டு இதற்கு மிகப் பொருத்தமானது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்ட இக்கல் 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னிலங்கையின் தேவந்துறையில் கோயில் கொண்ட தென்னாவர நாயனார் என்ற தெய்வத்தையும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபையும் முன்னிறுத்துகின்றன. ஆனால் மூன்றிலும் பட்டியலிடப்படும் காணிக்கைகள் பெரும்பாலும் ஒத்திருக்கின்றன. பாரசீகப் பகுதி பெரிதும் சிதைந்துள்ளதால், அங்கே எதனை உறுதியாகக் கூறலாம், எதனை ஊகமாக மட்டுமே கூறலாம் என்று பிரித்தறிவதும் நல்ல பயிற்சியே.

எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதனைச் சொல்லாமல் விட்டார் என்பவற்றுக்கு உங்கள் சொற்களில் ஒரு பக்கம் எழுதிய பின்னரே ஆய்வாளர்களின் நூல்களைத் திறவுங்கள். முடிவை முதலில் வாசித்தவருக்குச் சான்று அந்த முடிவை மட்டுமே காட்டும் என்பதால், இந்த வரிசையை நான் மிகவும் வலியுறுத்துகிறேன். பரீட்சைக் கட்டுரையிலும் அந்தப் பக்கத்தையே முதற் பந்தியாக விரித்தெழுதலாம்.